ஏழு ஓட்டு வீடு

ஜெனி,

போன சனிக்கிழமை காலையில் டீ குடித்த கையோடு உன் அப்பா ஒரு நோட்டையும் பேனாவையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "நீ சொன்னாத்தான் அது கேக்கும். தாத்தாகிட்ட ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுறச் சொல்லி எழுது. போன்ல சொன்னா கத்தும், எழுதுனா படிக்கும்" என்றார். சரி என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அன்றைக்கு எழுதவில்லை. மறுநாள் நானே தாத்தாவைப் பார்க்க சுந்தரபாண்டியம் போய்வந்து, இன்றைக்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவர் சொன்னதை எழுதப் போவதில்லை. நீ மன்னிப்புக் கேட்காதே. இந்தக் கடிதத்தை உன் அப்பாவும் படிக்கட்டும், சித்தப்பாவும் சித்தியும் படிக்கட்டும். இந்த விஷயத்தில் நம் சொந்தக்காரர்கள் யார் யாருக்கெல்லாம் கருத்து இருக்கிறதோ, அவர்கள் எல்லாரும் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிக்கொள்ளட்டும். எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை. இருந்த ஒன்றையும் ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டேன், அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

நிலவரம் உனக்கே தெரியும். ஈஸ்டர் கழிந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மாதா கோயிலில் உனக்குக் கல்யாணம். பத்திரிகையில் முதல் பெயராகத் தாத்தா பெயர்தான் வரவேண்டும், அவர் அழைக்கிற மாதிரிதான் அடிக்கவேண்டும், நம் வீட்டு வழக்கம் அது. அவரோ, பேத்தி நேரில் வந்து மன்னிப்புக் கேட்டால் ஒழியத் தன் பெயரைப் போடக்கூடாது, கல்யாணத்துக்கும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். உன் அப்பாவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து, ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள் என்று சாமியார் கேட்கும்போது தாத்தா எழுந்து நின்றுவிடுவாரோ என்றுகூட அவருக்குப் பயம். "ஓட்டு மாத்துனதுக்கெல்லாம் கல்யாணத்த நிறுத்த முடியாது, சும்மா இருங்க" என்று நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன். தவக்காலத்தில் கோபத்தை விடச் சொல்கிறார்கள். நான் என்னுடையதை ஈஸ்டர் வரைக்கும் பத்திரமாக வைத்திருக்கப் போகிறேன்.

பொங்கல் சமயத்தில் நடந்ததை நான் பார்த்தபடி ஒருமுறை சொல்கிறேன், ஏனென்றால் இப்போது அது வீட்டுக்கு வீடு வேறு மாதிரி உலவுகிறது. அறுப்பு மெஷினுக்காக வயலில் காத்திருந்தோம். பனி ஈரம் காயவில்லை என்று மெஷின்காரன் வண்டியிலேயே தூங்கிக்கொண்டிருந்தான். மோட்டார் ரூம் நிழலில் அப்பத்தா சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து எல்லாருக்கும் இலை போட்டார். அப்போதுதான் அந்தக் கட்சிக்காரர் பைக்கை வரப்போரம் நிறுத்திவிட்டு, கையில் வாக்காளர் பட்டியலோடு வந்தார். "நம்ம வீட்ல எத்தன ஓட்டு பெரியவரே?" என்று கேட்டார். தாத்தா இலையிலிருந்து நிமிராமலே சொன்னார். "ஏழு. நானு, வீட்ல அவ, பெரியவன், அவன் பொண்டாட்டி, சின்னவன், அவன் பொண்டாட்டி, இந்தா இருக்கே எம்பேத்தி. ஏழும் ஒரே எடத்துலதான் விழும். எழுதிக்கிடுங்க தம்பி."

நீ சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஆறுன்னு எழுதுங்கண்ணே. என் ஓட்ட நான் வேல பாக்குற கோயம்புத்தூருக்கே மாத்திட்டேன். மாத்தாம இருந்தாலும் அது எங்க விழும்னு தாத்தாவுக்குத் தெரியாது" என்றாய். அந்த ஆள் சிரித்தார். அவ்வளவுதான் நடந்தது. நீ சொன்னதைவிட அவர் சிரித்ததுதான் தாத்தாவைச் சுட்டது. அதற்குப் பிறகு நான் செய்ததுதான் நிஜமான தப்பு. உன் தொடையில் கிள்ளினேன். கிள்ளிவிட்டு அந்த ஆளிடம், "சும்மா வெளையாட்டுக்குச் சொல்லுதுங்க, ஏழுன்னே எழுதிக்கிடுங்க" என்றேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாயே, அந்தப் பார்வை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. தாத்தா உன்னைத் திட்டியதை நீ எதிர்பார்த்திருப்பாய். உன் வாயிலிருந்து வந்த உண்மையை உன் அம்மாவே பொய்யாக்குவாள் என்று எதிர்பார்த்திருக்க மாட்டாய்.

அந்த ஆள் போனபிறகு தாத்தா எழுந்தார். "ஏட்டி, வெளியாளு முன்னாடி என்னயப் பொய்யனாக்கிட்டேல்ல?" என்றார். "நீங்க அரசியல் பேசல தாத்தா, தலைய எண்ணுறீங்க" என்றாய் நீ. "தலைய எண்ணுததுதாம்ட்டி அரசியலு! ஒத்தத் தலையத் தேடி எவன் வருவான்?" என்று அவர் கத்த, உங்களுக்கு அரசியலே தெரியாது என்று நீ கத்த, கடைசியில் இலையை மூடாமல்கூட எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டாய். அப்பத்தா குழம்புக் கரண்டியோடு வரப்பு முனைவரை உன் பின்னாலேயே வந்தது உனக்குத் தெரியுமா? தெரிந்திருக்காது. நீ திரும்பிப் பார்க்கவில்லை. உன் ஓட்டு உன்னுடையது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சோற்றை விட்டுவிட்டுப் போனதற்கு நீ இங்கே இருந்திருந்தால் இன்னொரு முறை கிள்ளியிருப்பேன்.

தாத்தாவுக்கு அரசியல் தெரியாது என்று சொன்னாயே, அதையும் திருத்திக்கொள். நம் வயல் கண்மாயின் கடைமடையில் இருக்கிறது. பிளவக்கல் அணையிலிருந்து தண்ணீர் திறந்தாலும் நம் பக்கம் வந்து சேர்வதற்குள் மேல்மடைக்காரர்கள் குளித்து, துவைத்து, நாற்று நட்டு முடித்திருப்பார்கள். நீ பிறப்பதற்கு முன்னால் மடையின் ஷட்டர் உடைந்து, வருஷக்கணக்கில் மனு எழுதியும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு தேர்தல் சமயத்தில் தாத்தா பங்காளி வீடுகளையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்து, இத்தனை வீட்டு ஓட்டும் ஒரே இடத்தில் விழும், மடையைச் சரிசெய்கிறவருக்கு விழும் என்று வந்தவர்களிடம் சொல்லி அனுப்பினார். அடுத்த தண்ணீருக்குள் ஷட்டர் வந்துவிட்டது. நீ சாப்பிட்டு வளர்ந்த அரிசி அந்த ஷட்டர் வழியாக வந்த தண்ணீரில் விளைந்தது. அதைப் பார்த்த மனுஷனிடம் போய்த் தனித்தனியாக ஓட்டுப் போடுங்கள் என்றால், கட்டை அவிழ்த்துவிடச் சொல்கிற மாதிரிதான் அவருக்குக் கேட்கும். அவர் பேசியதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தப் பங்காளி வீட்டுக் கூட்டத்தில் ஒரு பொம்பளையைக்கூட உட்கார வைத்துக் கேட்கவில்லை என்பதுதான் என் வழக்கு.

என் ஓட்டுக் கதையை உனக்கு நான் சொன்னதே இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓட்டு. ஒரே ஒரு தடவை போட்டிருக்கிறேன். தாலி ஏறி மூன்று மாதத்தில் அது சுந்தரபாண்டியத்துக்கு மாறியது. யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, கையெழுத்து மட்டும் போட்டேன். உன் அப்பாவுக்கு ராஜபாளையத்தில் மில் வேலை என்பதால் அடுத்த வருஷமே இங்கே குடி வந்துவிட்டோம். ரேஷன் கார்டு வந்தது, கேஸ் வந்தது, உன் பள்ளிக்கூடம், என் பேண்டேஜ் கம்பெனி வேலை எல்லாம் இங்கேயே ஆயிற்று. ஓட்டு மட்டும் வரவில்லை. வீட்டு ஓட்டு சிதறக்கூடாது என்று தாத்தா சொல்லிவிட்டார். உனக்குப் பதினெட்டு முடிந்ததும் அவர் போன் போட்டார். நீ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். நான் படிவத்தில் சுந்தரபாண்டிய முகவரியை எழுதி, இதில் ஒரு கையெழுத்துப் போடு என்று உன் முன்னால் நீட்டினேன். நீ என்ன ஏது என்று கேட்கவில்லை. எனக்குச் செய்ததையே உனக்கும் செய்தேன். அங்கே குடியில்லாமல் அங்கே ஓட்டு வைத்திருப்பது சட்டப்படி சரியா என்றுகூட நான் யோசிக்கவில்லை.

ஒவ்வொரு தேர்தலுக்கும் கம்பெனி லீவு விடும். விடிந்ததும் கிளம்பி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி வத்திராயிருப்பு பஸ்ஸில் நின்றுகொண்டே போவோம். அப்பத்தா கோழி அடித்திருப்பார். எல்லாரும் வரிசையாகப் பள்ளிக்கூடத்துக்கு நடப்போம். தாத்தா முதல் ஆளாகப் போட்டுவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார். வருகிறவர்களின் விரல் மையைப் பார்த்துத் தலையாட்டுவார். ஒருமுறை வேட்பாளர் பட்டியலில் எனக்குப் பிடித்த ஒரு பெயர் இருந்தது. யார் என்று சொல்லமாட்டேன், அது என் ஓட்டு. அந்தப் பெயருக்கு நேரே இருந்த பட்டனை அழுத்தினேன். வெளியே வந்ததும், "போட்டியாம்மா?" என்று கேட்டார். "போட்டேன் மாமா" என்றேன். பொய் இல்லையே! அன்றைக்குக் கோழிக்குழம்பு அவ்வளவு ருசியாக இருந்தது. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு தடவை அப்படிச் செய்தேன். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குள் சிரித்துக்கொண்டு வருவேன். நான் பெரிய தைரியசாலி என்று எனக்கே ஒரு நினைப்பு இருந்தது.

அந்த நினைப்பு போன ஐப்பசியில் உடைந்தது. நம் தெருவில் குழாய் போடத் தோண்டிய குழி மூடாமல் கிடந்து, மழைத் தண்ணீர் நிறைந்து, எது ரோடு எது குழி என்று தெரியவில்லை. எதிர்வீட்டு லட்சுமி அக்கா பால் வாங்கப் போனவர் அதில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். தெருப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து கவுன்சிலரைப் பார்க்கக் கிளம்பினோம். கட்டுப் போட்ட கையோடு அக்காவும் "பதம்மா, போதாம்", வாம்மா போவோம், என்று தெலுங்கில் அதட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். பேசுவதற்கு என்னைத்தான் நிறுத்தினார்கள். கம்பெனியில் முப்பது பேரை மேய்க்கிறவள் இல்லையா, நானும் நன்றாகத்தான் பேசினேன். கவுன்சிலர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பெயரைக் கேட்டு போனில் தேடினார். "ஒங்க ஓட்டு இந்த வார்டுல இல்லையேம்மா" என்றார். "இருபத்தஞ்சு வருசமா இந்தத் தெருவுலதான் இருக்கேன்" என்றேன். "இருக்கலாம். லிஸ்ட்ல இல்லையே. ஓட்டு இருக்கவங்க யாராச்சும் பேசுங்க" என்றார். லட்சுமி அக்கா பேசினார். நான் பின்னால் போய் நின்றேன்.

அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. ஒத்தத் தலையைத் தேடி எவனும் வரமாட்டான் என்று தாத்தா சொல்வது சரிதான். என் தலை இருக்கிற தெருவில் அது எண்ணிக்கையிலேயே இல்லை. அவர் ஊர் மடைக்காக என் தெருக் குழியை நான் விட்டுக்கொடுத்திருக்கிறேன், அதுவும் கேட்காமலே. அன்றைக்கே படிவம் வாங்கி வந்தேன். வாங்கி வந்து என்ன செய்தேன் தெரியுமா? பைபிளுக்குள் வைத்து மூடிவிட்டேன். பொங்கல் முடியட்டும், உன் கல்யாணம் முடியட்டும், தேர்தல் முடியட்டும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ வயலில் அந்த வார்த்தையைச் சொன்னபோது என் படிவம் பைபிளுக்குள்தான் இருந்தது. உன்னை நான் கிள்ளியதற்குக் காரணம் அதுதான். தாத்தா மேல் உள்ள பயத்தைவிட, நான் ஒளித்து வைத்திருந்ததை நீ பட்டப்பகலில் சொல்லிவிட்டாயே என்ற வெட்கம்தான் அதிகம். நீ பஸ் ஏறிப் போன மறுநாள் அந்தப் படிவத்தைப் பூர்த்திசெய்து கொடுத்தேன். இப்போது அட்டை வந்துவிட்டது. உன் அப்பாவிடம் காட்டினேன். "என் ஓட்டு அங்கயே இருக்கட்டும்" என்றார். இருக்கட்டும். அவர் ஓட்டு.

உனக்குச் சொல்லவேண்டியது இதுதான். நீ போகிற வீட்டார் விருதுநகரில் ரொம்ப நல்லவர்கள். நல்லவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்று என் அனுபவம் சொல்கிறது. கெட்டவர்கள் கேட்டால் முடியாது என்று சொல்லிவிடலாம். நல்லவர்கள் அல்வாப் பொட்டலத்தோடு வந்து, "நம்ம வீட்டு அட்ரஸுக்கு எல்லாத்தையும் மாத்திரலாம்மா" என்பார்கள். ரேஷன் கார்டை மாற்றக் கொடு, பெயருக்குப் பின்னால் என்ன போடவேண்டும் என்பதையும் நீயும் அவனும் பேசி முடிவுசெய்யுங்கள். ஓட்டு மட்டும் நீ குடியிருக்கிற தெருவிலேயே இருக்கட்டும். உன் மாமனார் யாருக்குப் போடவேண்டும் என்று சொன்னால் கேட்டுக்கொள், எதிர்த்துப் பேசு, தோன்றினால் அவர் சொன்னவருக்கே போடு. அவர் சொன்னார் என்பதற்காகப் போடாதே. என்னைப் போல ஒளித்தும் போடாதே. சாப்பாட்டு மேஜையில் எல்லாரும் இருக்கும்போது, உங்கள் கணக்கில் என்னைச் சேர்க்காதீர்கள் என்று முதல் மாதமே சொல்லிவிடு. முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். எழுந்து மட்டும் போய்விடாதே, சாப்பிட்டு முடித்துவிட்டு எழுந்திரு.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். உன் அப்பா ஷிப்டு இருக்கிறது என்று நழுவிவிட்டார். நான் பத்திரிகை மாதிரியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். தாத்தா பூசைக்குப் போகாமல் தோப்பில் தேங்காய் வெட்டுக்கு நின்றார். உரித்த காய்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "வாம்மா" என்றார். அடுத்த வார்த்தையே, "மன்னிப்புக் கேக்க வருதாளா?" என்றார்.

"வரல மாமா. கேக்க வேண்டாம்னு நான்தான் எழுதப் போறேன்."

வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் கை நின்றுவிட்டது. "அப்பொ எம்பேர எடுத்துட்டு அடிச்சுக்கிடுங்க" என்றார் தாத்தா.

"ஒங்க பேரு இருக்கும் மாமா. அவளுக்குத் தாத்தா நீங்கதான், அத எடுக்க எனக்கு உரிமை கெடையாது. வாரதும் வராததும் ஒங்க இஷ்டம், அதுல நான் கை வைக்க மாட்டேன். என் ஓட்டையும் ராஜபாளையத்துக்கு மாத்திட்டேன். யாராச்சும் கேட்டா அஞ்சுன்னு சொல்லுங்க."

அதோடு திரும்பியிருக்கலாம். இருபது வருஷமாகத் தொண்டையில் கிடந்தது வெளியே வந்துவிட்டது. "அது மட்டுமில்ல மாமா. நீங்க சொன்ன எடத்துல மூணு தடவ நான் போடல. வேற எடத்துலதான் போட்டேன்."

அருகில் கிடந்த தேங்காய்க் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கத்துவார் என்று நினைத்தேன். ரொம்ப மெதுவாகக் கேட்டார். "அப்பொ நான் அம்புட்டுப் பேருகிட்டயும் ஏழுன்னு சொன்னது பொய்யாம்மா? மடைக்கு வாக்குக் குடுத்தேனே, அதுலயும் பொய்யா?"

மடை என் கல்யாணத்துக்கு முன்னால், அதில் என் ஓட்டு இல்லை என்றேன். அதற்குப் பிறகு கொடுத்த வாக்கில் மூன்று தடவை ஒன்று குறைந்ததுதான் என்றேன். "ஓட்டுப் போட்டதுக்கு மன்னிப்புக் கேக்கல மாமா. ஒங்க வாயால ஒங்களுக்கே தெரியாமப் பொய் சொல்ல வச்சதுக்குக் கேக்கேன்." இதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. வரக்கூடாது என்று பஸ்ஸில் வரும்போதே நினைத்துத்தான் போனேன்.

தாத்தா பத்திரிகை மாதிரியைக் கையில் வாங்கினார். கண்ணாடி இல்லாமல் தூரத்தில் நீட்டி வைத்து, தன் பெயர் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. திருப்பி என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து வண்டிப் பக்கம் நடந்தார். நாலு எட்டு வைத்தபிறகு நின்று, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"ஒனக்கு அந்தப் பிள்ள எம்புட்டோ தேவல. மூஞ்சிக்கு நேரா சொன்னா."

அதைக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. உன்னை நினைத்துச் சந்தோஷமாகவும் இருந்தது. நாளைக்குப் பத்திரிகை அச்சுக்குப் போகிறது, தாத்தா பெயர்தான் முதல். கோயிலில் முன் வரிசையில் அவருக்கு இடம் போட்டு வைப்பேன். வந்தால் உட்காரட்டும், வராவிட்டால் அது காலியாகவே இருக்கட்டும், அதைப் பார்த்து நீ தலைகுனியவேண்டாம். இந்த வீட்டில் அவரை ஏமாற்றாதவள் நீ ஒருத்திதான் என்று அவருக்கு இப்போது தெரியும். நீ போய் மன்னிப்புக் கேட்டு நின்றால் அந்த ஒருத்தியும் அவருக்கு இல்லாமல் போய்விடுவாள்.

கேட்காதே.

அம்மா